கள்ளுக்கடை ருகுனும் மன்னிப்பில்லாத பாவமும்

தோபா ஏரிக்கு நடுவே இருக்கும் சமோசிர் தீவின் மேற்குக் கரையில், படகுத்துறையை ஒட்டிக் கள்ளும் காப்பியும் விற்ற ருகுனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கடைக் கள்ளைவிட நல்ல கள் அடுத்த கடையிலேயே கிடைத்தது. ஆனாலும் வெங்காய வயலில் வேலை முடிந்ததும் ஆண்கள் நேராக அவளிடம்தான் வந்தார்கள். ஊர்த்தலைவர் புதுப் பல்செட் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த அன்று, அவர் கறித்துண்டோடு மல்லுக்கட்டுவதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "மெதுவா அமாங், அந்தப் பன்னி ஒரு தடவை செத்ததே போதும்" என்றாள். தலைவரே பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தப் பக்கத்தில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரோடு அம்மா என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் மரியாதைக்கு இனாங் என்பார்கள், ஆண் என்றால் அமாங். ருகுன், சஹாலா அம்மா. அவளுக்கும் புருஷன் மாருலிக்கும் பிறந்தது சஹாலா ஒருவன்தான். மீசை அரும்பிய வயதில், ஏரியில் கட்டியிருந்த மீன் கூண்டுகளைப் பார்த்துவரப் போனவன் திடீர்க் காற்றில் படகோடு கவிழ்ந்தான். படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. தோபா ஏரியின் ஆழத்தை அளந்தவர் யார்?

தேடிய நாட்களில் சபை முழுக்கக் கரையில் நின்று பாடி ஜெபித்தது. ருகுன் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டுக் கத்தினாள். உயிரோடு வேண்டாம் ஆண்டவரே, உடம்பையாவது கொடு என்று கேட்கும் அளவுக்கு இறங்கி வந்தாள். அதுவும் நடக்கவில்லை. அதற்கப்புறமும் அவள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள், பாடகர் குழுவில் நின்றாள். ஜெபம் வந்தால் மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கடையில் நாள் முழுக்க, "சஹாலா அம்மா, ரெண்டு காப்பி", "சஹாலா அம்மா, இங்க ஒரு கிளாஸ்" என்று இல்லாத பிள்ளையின் பெயர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவளும் சிரித்த முகத்தோடு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மாருலியின் தங்கை சொந்தாங் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். வெங்காய மூட்டையோடு மேட்டு வயலிலிருந்து உருண்டு விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப்போய், வருஷக்கணக்காகப் பாயில் கிடந்தாள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் ருகுன்தான். அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தியை ஒருத்தி எடா என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த இரண்டு எடாக்களும் சண்டை போட்டால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

அந்த வருஷம் ஏரிக்கு அப்பால் சியாந்தார் நகரத்திலிருந்து ஹசியான் என்ற இளம் பிரசங்கியார் வந்தார். கைதட்டல், கண்ணீர், அந்நிய பாஷை என்று அவருடைய கூட்டங்கள் வேறு தினுசு. பழைய சபைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் ஆட்கள் போனார்கள். ஒரு நாள் பிற்பகல் அவர் சொந்தாங்கின் வீட்டுக்கே ஜெபிக்க வந்தார். ருகுன் சோற்றுக் கிண்ணத்தோடு வந்தவள், உள்ளே கூட்டம் நெரிந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஹசியான் சொந்தாங்கின் தலையில் கை வைத்தார். கூட்டம் முனகியது. சொந்தாங்கின் வாயிலிருந்து யாருக்கும் புரியாத பேச்சு மளமளவென்று கொட்டியது. பிறகு அவள் சுவரைப் பிடித்தாள். எழுந்தாள். ருகுன் தன் கையாலேயே எத்தனையோ தடவை தேய்த்துவிட்ட, குச்சி போல மெலிந்த அந்தக் கால்கள், ஒன்றன் பின் ஒன்றாக வாசலைப் பார்த்து நகர்ந்தன.

ருகுனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேஷமா, மயக்கமா என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை. அந்த அறைக்குள் யார் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் நெஞ்சுக்குள் இன்னொன்றும் எழும்பியது. இவளுக்கு வர முடிந்ததென்றால், அன்றைக்கு என் பிள்ளைக்காக ஏன் வரவில்லை?

கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் கடை நிரம்பியது. எல்லார் வாயிலும் அதே பேச்சு.

"சஹாலா அம்மா, நீங்க நேர்ல பாத்தீங்களாமே! பரிசுத்த ஆவி இறங்கிச்சாமே?"

ருகுன் கள்ளை ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "பரிசுத்த ஆவியாவது ஒண்ணாவது! எங்க மாமனார் ஆவிய்யா அது. உயிரோட இருக்கறப்பவே அந்த மனுஷன் பேசினது ஒருத்தருக்கும் புரியாது. செத்துப் பேயாகியும் திருந்தல. கள்ளு வாசம் பிடிச்சு வந்துருக்காரு. ஒரு கிளாஸ் ஊத்தி வைங்க, தானா இறங்கிப் போயிடுவாரு!"

பெஞ்சே ஆடும்படி சிரித்தார்கள். ஒருவருக்குக் கள் மூக்கில் ஏறியது. அந்தப் பேச்சு மறுநாளே படகேறி அக்கரைக்குப் போய்விட்டது.

இரண்டொரு நாளில், வெயில் உச்சியில் இருக்கும்போது, ஹசியான் தன் ஆட்களோடு கடை முன்னால் வந்து நின்றார். கோபமாக வந்த மாதிரி தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. கையில் வேதப் புத்தகம் திறந்திருந்தது.

"இனாங், மனுஷன் செய்யற எல்லாப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. கொலைக்கு உண்டு, விபசாரத்துக்கு உண்டு. ஆனா தேவனோட ஆவி செஞ்ச வேலையக் கண்ணால பாத்துட்டு, இது பேயோட வேலைன்னு சொன்னவங்களுக்கு மட்டும் கிடையாது. இம்மையிலயும் இல்ல, மறுமையிலயும் இல்ல. இது நான் சொல்றதில்ல. ஆண்டவரே சொன்னது."

கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"கேலிப் பேச்சுக்கு இத்தனை பெரிய தண்டனையா தம்பி?" என்று மாருலி உள்ளேயிருந்து வந்தான்.

ஹசியான் ருகுனையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. "தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுங்க இனாங். அறியாமப் பேசினவங்களுக்கு வழி இருக்கு. உங்களுக்குத் தெரியாதுதானே?"

தெரியாது என்ற ஒரு சொல் போதும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ருகுன் ஊரைக் கேலி பேசுவாள், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் சொன்னேன்."

ஹசியானின் கண் நிறைந்துவிட்டது. வேதத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். குடித்தவர்கள் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது பயம்.  நரகத்தின் நெருப்பைக்கூட அவள் அவ்வளவாக நினைக்கவில்லை. அவள் நினைப்பு வேறு. சஹாலா நல்ல பையன், சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்த பையன், நிச்சயம் பரலோகத்தில்தான் இருப்பான். அப்படியென்றால் அவனைத் திரும்பப் பார்க்க இருந்த ஒரே கதவையும் தன் வாயாலேயே சாத்திக்கொண்டாயிற்று. அவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால், யாரை அவமதித்தோமோ அவரையே எப்படிக் கூப்பிடுவது என்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

மாருலி தனக்குத் தெரிந்த வழியில் தேற்றினான். "ஏன்டி, என்னைப் பத்தி நீ பேசினதுல பாதியாவது இருக்குமா இது? நானே உன்கூடக் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன். அவரு கடவுள்டி."

"நீ பரிசுத்த ஆவி இல்லயே."

"இல்லதான்" என்று ஒப்புக்கொண்டு, அவள் தொடாத தட்டை எடுத்து மூடி வைத்தான்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. எல்லாரும் முன்னால் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கினார்கள். ருகுன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்ட சபைப் போதகர் மரிந்தான் பாஸ்டரம்மா மறுநாள் வீட்டுக்கு வந்தார். படித்தவர், இரக்கமுள்ளவர்.

"பயப்படறீங்க இல்லயா இனாங்? அந்தப் பயம்தான் நல்ல அடையாளம். உண்மையாவே அந்தப் பாவத்தைச் செஞ்சவங்களுக்குப் பயமே வராது. மனசு கல்லாயிடும். மன்னிப்பு வேணும்னுகூடத் தோணாது. நீங்க பயப்படற வரைக்கும் தைரியமா இருங்க."

ருகுனுக்கு மூச்சு வந்தது. சில நாள் சாப்பிட்டாள், தூங்கினாள். ஒரு காலையில் பக்கத்து வீட்டுப் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர்த்தலைவரின் வேட்டியை இழுத்துக்கொண்டு ஓட, அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போது சுரீரென்றது. காலையிலிருந்து பயமே வரவில்லையே! பயம் போய்விட்டதென்றால் மனசு கல்லாகிவிட்டதா? அடுப்படியில் போய் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, பயத்தைத் தேடினாள். அது திரும்பி வந்த பிறகுதான் ஆசுவாசமாக இருந்தது. அதிலிருந்து அவள் பயத்தைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். தூங்கினால் அதை எழுப்பினாள். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இப்படி ஆகும் என்று பாவம் பாஸ்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்!

உடம்பு துரும்பானது. கடைக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். அவள் கேலி பேசுவதையே விட்டுவிட்டதால், அவள் கடைக் கள் சுமார்தான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

சந்தை நாளன்று சாமான் வாங்கப் படகேறினாள். பாதி வழியில் மலையிலிருந்து காற்று இறங்கியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கோழிக்கூடை உருண்டது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல் உரக்கவே சொன்னது:

"ஆண்டவருக்கு ஆகாத யோனா இருக்கற படகு எப்பிடிக் கரை சேரும்? யோனாவுக்காவது முழுங்கிக் காப்பாத்த மீன் வந்துச்சு."

 பக்கத்திலிருந்தவள் மெல்ல நகர்ந்து தள்ளி உட்கார்ந்தாள். ருகுன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். கறுத்துக் கிடந்தது. அவள் மகன் இதற்குள்தான் எங்கோ இருந்தான். முன்பெல்லாம் இந்தத் தண்ணீரைப் பார்த்தால், விழுந்தால் அவனிடம் போய்விடலாமே என்று தோன்றும். இப்போது விழுந்தால் அவனிடம் போக மாட்டாள். அந்த எண்ணம் வந்ததும் பலகையில் நகம் பதிந்தது. இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று யாரிடம் கெஞ்சுகிறோம் என்றே தெரியாமல் கெஞ்சினாள்.

"எல்லாரும் இருந்த இடத்துல சும்மா உக்காருங்க!" என்று படகுக்காரன் கத்தினான். "இந்த மாசம் காத்து இப்பிடித்தான். யோனாவும் இல்ல, நோவாவும் இல்ல. எவளாவது எந்திரிச்சீங்கன்னா நானே புடிச்சுத் தள்ளிடுவேன்!"

படகு கரை சேர்ந்தது. ருகுன் சாமான் எதுவும் வாங்காமல் அடுத்த படகில் திரும்பிவிட்டாள்.

அவள் வந்து இறங்கும்போது துறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சொந்தாங் விழுந்துவிட்டாளாம். கிணற்றடியில் கால் மடங்கி விழுந்தவள், மறுபடி எழுந்திருக்க முடியாமல் பாயில் கிடக்கிறாளாம்.

"ஆவியானவரைக் கேவலப்படுத்தினா அவரு தங்குவாரா? கெளம்பிப் போயிட்டாரு" என்று ஒருத்தி சொன்னாள். அவள் ருகுனைப் பார்த்துத்தான் சொன்னாள். "தனக்குத்தான் மன்னிப்பில்லாமப் போச்சு. அடுத்தவ காலையும் சேத்து முறிச்சுட்டா."

ருகுன் அவர்களைத் தாண்டி நேராகச் சொந்தாங்கின் வீட்டுக்கு நடந்தாள். ஏன் போகிறாள், போய் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இருவர் வாசலை மறித்தார்கள்.

"உள்ள வரக் கூடாது சஹாலா அம்மா. நீங்க வந்தா காரியம் இன்னும் கெட்டுப்போகும்."

"அவளை யாருடி கழுவிவிட்டது இத்தனை வருஷம்? நீயா?" பல நாளைக்கப்புறம் அவளுடைய பழைய குரல் வெளியே வந்தது. பெண்கள் ஒதுங்கினார்கள்.

உள்ளே சொந்தாங் பழைய பாயில், பழைய மாதிரியே படுத்திருந்தாள். ஜெபக்கூட்டத்திலேயே கிடந்ததால் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவில்லை. ருகுனும் இந்தப் பக்கம் வரவில்லை. இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அன்றுதான்.

"வந்துட்டியா எடா?" என்றாள் சொந்தாங். "கதவைச் சாத்து. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

ருகுன் சாத்தினாள்.

"நீ எங்கப்பாவைப் பத்திச் சொன்னியே... ஆவி, கள்ளு வாசம் பிடிச்சு வந்துச்சுன்னு. அதை யாரோ வந்து என்கிட்ட சொன்னாங்க. கோவப்படணும்னு சொன்னாங்க. நான் சிரிச்சுட்டேன், எடா. எங்கப்பா அப்பிடித்தானே பேசுவாரு! வாயில வெத்தலையும் கள்ளும் ஒண்ணா இருக்கும். சிரிச்சு சிரிச்சு விக்கல் வந்துடுச்சு. ஆவியானவர் என்னைத் தொட்டது எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன். அப்ப நானும் அந்தப் பாவத்துல சேந்தவளா? அதான் கால் போச்சா?"

அவள் உதடு துடித்தது. கண்ணில் இருந்த பயம் ருகுனுக்கு அச்சு அசலாகத் தெரிந்த பயம்.

"போடி பைத்தியக்காரி!" ருகுன் பாயருகே தொப்பென்று உட்கார்ந்தாள். "சிரிச்சதுக்கு யாராவது காலைப் புடுங்குவாங்களா? வருஷக்கணக்கா மல்லாந்து கெடந்தவ வாய்விட்டுச் சிரிச்சா, பெத்த தகப்பனா இருந்தா சந்தோஷப்படுவானா, கதவைச் சாத்துவானா? அவரை என்னன்னு நெனச்ச? நம்ம சந்தைப் பொம்பளைங்க மாதிரியா?"

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். இதைச் சொன்னது யார்? தன் வாய்தானா? சொந்தாங் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்றியே எடா. உனக்கு?"

"நான் வேற. நீ சிரிச்ச. நான் கடிச்சேன்." ருகுனின் குரல் உடைந்தது. "உன் கால் எந்திரிச்சது. என் புள்ள எந்திரிக்கல. நீ வாசலைப் பாத்து நடந்து வந்தப்ப, நீ திரும்ப விழணும்னு நெனச்சேன்டி. ஒரு நொடி, சத்தியமா நெனச்சேன். அவரை அடிக்க முடியல, அதனால உன்னை அடிச்சேன்."

வெளியே பெண்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள். 

"தெரியும். அன்னிக்கு வாசல்ல உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள் சொந்தாங். "மொதல்ல வலிச்சுது. அவரு என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது எடா, நான் பிரசங்கியார் இல்ல. என் பங்கு என்கிட்ட இருக்கு. அதை விட்டுட்டேன். நீ நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி." பிறகு முகத்தைச் சுளித்தாள். "இப்ப என்னைப் புரட்டிப் போடு. இவளுங்களுக்கு ஒருத்திக்கும் புரட்டத் தெரியல. இடுப்பு வெந்து போச்சு."

ருகுன் அழுதுகொண்டே அவளைப் புரட்டினாள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் மூக்கைத் துடைக்கக்கூட முடியவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. அடுத்த திருவிருந்து அன்றைக்குத்தான். ருகுன் அப்பம் வாங்கப் போகிறாள் என்று எப்படியோ செய்தி பரவி, அப்படி நடந்தால் எழுந்து போய்விடுவோம் என்று சிலர் பாஸ்டரம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். "கிண்ணம் ஆண்டவரோடது, என்னுதில்ல, யாருக்கும் இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்று அவர் பதில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

கோயில் நிரம்பி வழிந்தது. வரிசை நகர்ந்தது. ருகுனின் பெஞ்சுக்கு முறை வந்தபோது அவள் எழவில்லை. தகுதியில்லாமல் வாங்குகிறவன் தனக்கே ஆக்கினைத் தண்டனையை வாங்குகிறான் என்று சிறுவயதிலிருந்து கேட்டது மண்டைக்குள் இடித்தது. இரட்டைக் குற்றமாகிவிட்டால்? உட்கார்ந்தே இருந்துவிட்டால் இன்னும் ஒன்றும் கூடுதலாகக் கெடாது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் சஹாலா அந்தப் பக்கமே, அவள் இந்தப் பக்கமே என்று ஆகிப்போகும்.

எழுந்தாள். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யாரோ எழுந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவரா பலரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக வரிசையில் இடையில் ஓரிருவரை விட்டு நிற்கிற மாருலி, அன்று அவள் முதுகை ஒட்டியே நடந்தான். மரிந்தான் பாஸ்டரம்மா கிண்ணத்தை நீட்டினார். ருகுனின் பல் கிண்ண விளிம்பில் தடதடவென்று அடித்தது. குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

இடி விழவில்லை. வெளிச்சமும் தெரியவில்லை. தொண்டையில் புளிப்பு இறங்கியது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் நல்ல பசி. கோயில் வாசலில் இலையில் அவித்த அரிசிக் கொழுக்கட்டை விற்றவளிடம் வாங்கி, நின்ற இடத்திலேயே ஒன்று தின்றாள், இன்னொன்றும் தின்றாள். மாருலி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். 

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் பொய். அந்தப் பயம் பிற்பாடும் வந்தது, மழைக்காலத்து மூட்டுவலி மாதிரி. ஆனால் வந்தால் வரட்டும் என்று விட்டாள், போனால் தேடிப் போகவில்லை. சொந்தாங் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, கைத்தடியோடு முற்றம் வரை நடக்கிற அளவுக்குத் தேறினாள். அது ஜெபமா, மருந்தா, ருகுன் தேய்த்த எண்ணெயா என்று ஊரில் மூன்று கட்சி இருந்தது. ஹசியான் பிரசங்கியார் வேறு தீவுக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. ருகுன் அவரைப் பற்றி ஒரு கேலி வார்த்தைகூடச் சொன்னதில்லை. கடையில் வேறு யாரும் அவரைக் கேலி செய்யவும் விடவில்லை. "அந்தப் புள்ள அழுதுச்சு" என்று மட்டும் சொல்வாள்.

விஷயம் வெளியூருக்கெல்லாம் தெரிந்திருந்ததால், வருஷத்துக்கு ஓரிருவர் அவளைத் தேடி வந்தார்கள். குழந்தை செத்த ஆத்திரத்தில் சிலுவையை அடுப்பில் போட்டவன் ஒருவன். கோபத்தில் கடவுளே வேண்டாம் என்று சத்தியம் பண்ணிவிட்டு, தூக்கம் போன பெண் ஒருத்தி. கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து மூலையில் உட்காருவார்கள். ருகுன் காப்பி கொடுப்பாள். முழுக்கக் கேட்பாள். உனக்கு மன்னிப்பு உண்டு என்று அடித்துச் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். அவர்கள் கிளம்பும்போது படகுத்துறை வரை கூடவே நடப்பாள்.

"கோயிலுக்குப் போகத் தைரியம் வராட்டி சொல்லி அனுப்பு. நான் வந்து உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்பாள்.

அப்படிச் சொல்லி அனுப்பியவர்களின் ஊர்களுக்குக் கடையை மூடிவிட்டு அவள் படகேறிப் போனது உண்டு.